முதுகு வெளிறிய சட்டை

1

நகராட்சியிலிருந்து வந்த கடிதம் மூன்று பக்கம் இருந்தது. ஜெர்மனியில் ஒரே பக்கத்தில் முடிகிற அரசாங்கக் கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் பக்கத்தில், எங்கள் குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகர மன்றத்தில் நடக்கும் விழாவில் சான்றிதழை நேரில் பெற்றுக்கொள்ளலாம் என்று. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில், விழாவுக்கு ஏற்ற உடையில் வரும்படி அன்போடு கேட்டிருந்தார்கள். பதினெட்டு வருஷம் எண் சீட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்ததற்குக் கிடைத்த கடிதம். என் வீட்டுக்காரர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

காரணம் என் மகள் கயல். பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். ஒரு வருஷமாக அவளும் அவளுடைய மூன்று தோழிகளும் உலகத்தில் யாரும் விரும்பி உடுத்தாத துணிகளாகத் தேடித் தேடி உடுத்துகிறார்கள். ஒருத்தி சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வருவாள். அடுத்த மாதம் தபால் நிலையத்திலிருந்து ஓய்வுபெறப் போகிறவள் மாதிரி இருக்கும். இன்னொருத்தி தரையைப் பெருக்குகிற பாவாடை. கயல் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். கணுக்கால் வரை ஒரு பாவாடை, அதற்கு மேல் தொளதொளவென்று ஆண்பிள்ளைகள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் காதை மூடும் கம்பளிக் குல்லா.

"இதென்னடி கோலம்?" என்று கேட்டால், "அம்மா, இது ஐரானிக்" என்பாள். ஃபேஷனைக் கிண்டல் செய்வதற்காக ஃபேஷனில் இல்லாததைப் போடுவதாம். ஊரே காட்டிக்கொள்வதற்கு உடுத்தும்போது இவர்கள் மூடிக்கொள்வதற்கு உடுத்துகிறார்களாம். அதைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சொக்கிப் போகிறதாம்.

விழாவுக்கு என்ன போட்டுக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன்.

"கவுஞ்சி சட்டை" என்றாள், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

2

கவுஞ்சி என் ஊர். கொடைக்கானலிலிருந்து கிளாவரைக்குப் போகும் பேருந்தில் ஏறி, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டினால் வரும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய காடுகள், அவற்றில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். நாங்கள் வயலைக் காடு என்றுதான் சொல்வோம். அந்தக் குளிரில் சேலையோடு மட்டும் குனிந்து நின்று களை பறிக்க முடியாது. ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள்.

தூரத்தில் முகம் தெரியாது, பனி மூடியிருக்கும். சட்டையை வைத்துத்தான் ஆளைச் சொல்வோம். "அந்தா பச்சைக் கோடு போட்ட சட்டை போகுதுல்ல, அது டிரைவர் வீட்டு அக்கா" என்பார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு அப்பா சட்டை அல்லது அண்ணன் சட்டை. புதிதாகக் கல்யாணமானவள் முதன்முதலாகப் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கும் காலையில் மற்ற பெண்கள் செய்யும் கேலியில் அவள் முகம் கேரட் நிறத்துக்குப் போய்விடும். தாலி கட்டியதை ஊர் முழுக்கப் பார்த்திருந்தாலும், சட்டையைப் போட்ட அன்றைக்குத்தான் அவள் அந்த வீட்டுக்காரி.

என் அக்கா ராசம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். உள்ளூரிலேயே கல்யாணம். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். சும்மா உட்கார்ந்திருந்து நான் அவரைப் பார்த்ததில்லை. மழை பெய்து வீட்டில் அடைந்து கிடந்தாலும் கயிறாவது திரித்துக்கொண்டிருப்பார். நான் பிளஸ் டூ முடித்ததும் என்னைக் கொடைக்கானலில் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அத்தோடு எனக்கு அப்பா சட்டை போடுகிற வேலை விட்டது.

இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதித் தோழிகளோடு சந்தைக்குப் போயிருந்தேன். கேரட் மூட்டை ஏற்றி வந்த லாரியிலிருந்து நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் சேலைக்கு மேல் சட்டை. மதுரைப் பக்கத்துத் தோழி ஒருத்தி, "இங்க பாருடி, பொம்பள பாதி ஆம்பள பாதி" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நான்காவதாக இறங்கிக்கொண்டிருந்தது என் அக்கா.

அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

3

காஸல் நகரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, "இது உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது" என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம், இந்தக் கண்ணாடியில் நீங்கள் இளமையாக இருக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்து, இளமையாக இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "உண்மைதான்" என்று அதையே வாங்கிக்கொண்டு போனார்.

பிறர் முகத்துக்கு எது பொருந்தும் என்று சொல்லிச் சொல்லி, என் மேல் எது இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பைத்தியமாகவே ஆகிவிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் கசங்கிய துணியோடு கடைக்குப் போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் போனால், பாவம் அகதி போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை, ஆனாலும் எனக்கு அந்த எண்ணம் போகவில்லை. ஜீன்ஸைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவேன். என் வீட்டுக்காரர் முருகேசனுக்குச் சொந்த ஊர் பழனி அடிவாரத்தில் பாலசமுத்திரம். பத்து வருஷமாக ஒரே நீல மேல்கோட்டில் காலத்தை ஓட்டுகிற மனிதர். அவருக்கு என் கவலை புரியாது.

"விடு பூங்கொடி, பிள்ள என்னத்தையோ போட்டுட்டுப் போகட்டும். உங்க ஊரு யூனிஃபார்ம்தான அது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை எரிச்சலாக்கியது. நான் எதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏழு கடல் தாண்டி வந்தேனோ, அதை என் மகள் விளையாட்டுக்கு எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அது கிண்டல். கிண்டல் செய்கிற வசதி அவளுக்கு இருக்கிறது. குளிருக்கு வேறு போக்கில்லாமல் அதைப் போட்ட பெண்களை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது யோசித்தால், அந்த ஆத்திரத்தில் பாதி சந்தையில் நான் சிரித்த சிரிப்பின் மேல் வந்தது என்று தோன்றுகிறது.

4

அந்தச் சட்டை எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மாமா இறந்து மூன்று வருஷமாகிறது. செய்தி வந்தபோது எங்கள் கடவுச்சீட்டுகள், இங்கே தங்குவதற்கான வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதற்காக அலுவலகத்தில் இருந்தன. திருப்பி வாங்க ஒரு படிவம், அந்தப் படிவத்தைக் கொடுக்க முன்பதிவு, முன்பதிவு கிடைத்தது பன்னிரண்டு நாள் கழித்து. நான் போகவில்லை. ஃபோனில் அழுதேன். அக்கா அழாமல், "நீ என்ன செய்வ, விடு" என்றாள்.

போன கோடை விடுமுறையில்தான் மூன்று பேரும் போனோம். நான் கொடைக்கானலில் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கயல் ஒரு மாதம் கவுஞ்சியில் அக்காவோடே கிடந்தாள். வெள்ளனே எழுந்து அக்காவோடு காட்டுக்குப் போனாள் என்று கேட்டு எனக்கே நம்ப முடியவில்லை. இங்கே பள்ளிக்கூட நாளிலேயே அவளை எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், பூண்டு வாசத்தோடு ஒரு பழுப்பு நிறக் கட்டம் போட்ட சட்டை. பழைய டெரிகாட்டன். "பெரியம்மா குடுத்தாங்க, காட்டுல போட்டேன்" என்றாள். வேலைக்குப் போட்ட ஏதோ பழைய சட்டை என்று விட்டுவிட்டேன். அது யாருடையது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. காரணம், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இறந்தவரின் துணிமணிகளை மூட்டை கட்டி ஓடையில் விட்டுவிடுவது எங்கள் சொந்தத்தில் வழக்கம். மாமாவின் துணி ஒன்றும் வீட்டில் இருக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

5

விழாவுக்கு முந்தைய திங்கள்கிழமை அதைச் செய்தேன்.

எங்கள் தெருமுனையில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சை இரும்புப் பெட்டி நிற்கிறது. பழைய துணிகளைப் போடும் பெட்டி. கைப்பிடியை இழுத்து, பையை வைத்து, விட்டால் உள்ளே உருண்டுவிடும். போட்டதை வெளியே எடுக்க வழி கிடையாது. வீட்டுக்காரரின் இரண்டு பழைய கால்சட்டைகள், என் ஸ்வெட்டர் ஒன்று, அவற்றுக்கு நடுவில் அந்தச் சட்டை. பையைக் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க எனக்கு மனசு இலேசாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் கயல் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் சட்டையப் பாத்தியா?"

"எங்க கழட்டிப் போட்டியோ. துவைக்கிற கூடையில பாரு" என்றேன். அடுப்பிலிருந்த குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னதால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

6

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஃபோனை எப்போதும் நெற்றிக்கு நேரே பிடிப்பாள், பாதி முகமும் ஓட்டுக் கூரையும்தான் தெரியும்.

"ஏத்தா, வெள்ளிக்கெழமைதான விசேசம்?"

"ஆமாக்கா."

"பிள்ள அந்தச் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போறேன்னு சொன்னா. எனக்கு ஒரு போட்டோ அனுப்பிவிடு. ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசாப் போட்டு மாட்டணும்."

"எந்தச் சட்டைக்கா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"அடி கூறுகெட்டவளே, உங்க மாமா சட்டைதான். பழுப்புக் கட்டம் போட்டது. நீ சீமைக்குப் போறன்னு மதுரை ஏர்போர்ட்டுக்கு வர்றதுக்கு எடுத்தாகளே, மறந்துட்டியா? தங்கச்சிய அனுப்பப் போறோம், நாலு பேரு பாப்பாகன்னு, கடை கடையா ஏறி எடுத்தாக. பத்து வருசம் விசேசத்துக்கு மட்டுந்தான் போட்டாக. பொறகு காட்டுக்குப் போட்டாக. பொறகு நான் போட்டேன்."

விமான நிலைய வாசலில் மாமா நின்றது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, புதுச் சட்டையின் மடிப்புக் கோடுகூடக் கலையாமல்.

"காரியத்தன்னைக்கு எல்லாத்தையும் ஓடையில விடச் சொன்னாக. மூணு சட்டைய மட்டும் நான் விறகுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டேன். ஊருல ஏசுனாக, ஏசிட்டுப் போறாக. ரெண்டு கிழிஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி கெடந்துச்சு."

"அத ஏன்க்கா இவகிட்டக் குடுத்த?"

"அவதான் அதக் கேட்டா. வேற நல்ல சட்டை தாரேன்னேன், வேணாம்னுட்டா. போட்டுக்கிட்டு வரப்புல எனக்கு முன்னால நடந்தா பாரு, பனிக்குள்ள அவுக போற மாதிரியே இருந்துச்சு. எனக்கு வச்சுக்கிறணும்னு தோணல" என்றாள்.

7

அழைப்பை முடித்துவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். செருப்பு போட்டிருந்தேனா என்பது நினைவில்லை. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன், தோளோடு நின்றது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் அகதி என்று அன்றைக்கு நிச்சயம் நினைத்திருப்பார்.

பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். பதற்றத்தில், மரியாதையாகப் பேசவேண்டிய மனிதரை ஜெர்மன் மொழியில் நீ, வா, போ என்று பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டி நேற்று மதியமே காலியாக்கப்பட்டது, போட்ட துணி சட்டப்படி அவர்களுக்குச் சொந்தம், இருந்தாலும் மின்னஞ்சலில் ஒரு படிவம் அனுப்புகிறேன், நிரப்பி அனுப்பினால் பார்க்கலாம் என்றார்.

படிவம் வந்தது. பெட்டி எண். போட்ட தேதி. பையின் நிறம். ஆடையின் வகை. அதுவரை எழுதிவிட்டேன். அடுத்து, ஆடையின் சிறப்பு அடையாளங்கள் என்று ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். பழுப்பு, கட்டம் என்று எழுதினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷமாக என் வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை. பொத்தான் என்ன நிறம், பை ஒன்றா இரண்டா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பார்க்கப் பிடிக்காததால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

தெரிந்தவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். நான்தான் போட்டேன், நேற்றுப் பொய் சொன்னேன், எல்லாம் சொன்னேன்.

கயல் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முன்னாலிருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பி, படிவத்தில் தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழில் ழகரம் எப்போதும் வழுக்கும், அன்றைக்கு அதை நான் திருத்தவில்லை.

"காலர் திருப்பித் தைச்சிருக்கு. பெரியம்மா தைச்சாங்க. மேலருந்து மூணாவது பட்டன் சிவப்பு, அது பெரியம்மா ஸ்வெட்டர் பட்டன். பைக்குள்ள இன்னொரு குட்டிப் பை இருக்கு, பஸ் டிக்கெட் வைக்கப் பெரியப்பா தைச்சது. இடது கையில ஊக்கு குத்துன ஓட்டை." நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "முன்பக்கம் டார்க். முதுகு வெளிறிப் போயிருக்கும். குனிஞ்சு குனிஞ்சு வேலை பாக்கறதால வெயில் முதுகுலதான் படும். பெரியம்மா காட்டுனாங்க."

"அது பெரியப்பா சட்டைன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதான் ஏர்போர்ட்ல பாத்தியே."

"கிண்டலுக்குப் போடறேன்னு சொன்னியே?"

"ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அப்படித்தான் சொல்ல முடியும். பெரியப்பாவ நெனச்சுப் போடறேன்னு சொன்னா பாவம்னு பாப்பாங்க. கிண்டல்னு சொன்னா கூல்னு சொல்வாங்க." பிறகு ஜெர்மன் மொழிக்கு மாறி, "நீயும் பாவம் என்றுதான் சொல்லுவாய் என்று நினைத்தேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

8

புதன்கிழமை இருவரும் துணி பிரிக்கும் இடத்துக்குப் போனோம். டிராமில் கடைசி நிறுத்தம், அங்கிருந்து இன்னொரு பேருந்து. எனக்கு அடுத்த இருக்கை காலியாக இருந்தும் அவள் அதில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள்.

கூரை உயரத்துக்குத் துணி மூட்டைகள் கிடந்த கூடத்தில், மேற்பார்வை பார்த்த போலந்துக்காரப் பெண்மணி எங்கள் படிவத்தைப் படித்தார். சிவப்புப் பொத்தான் என்ற இடத்தில் நிமிர்ந்து கயலைப் பார்த்தார். "விதிப்படி உள்ளே விடக்கூடாது. பத்து நிமிஷம்" என்று ஒரு வரிசையைக் காட்டினார்.

அரை மணி நேரம் தேடினோம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் கால்சட்டை ஒன்று கிடைத்தது. என் ஸ்வெட்டர் கிடைத்தது. அவற்றுக்கு நடுவில் நான் வைத்த சட்டை இல்லை.

"நல்ல நிலையில் இருப்பது கடைக்குப் போகும். மற்றது நேற்றே லாரியில் போய்விட்டது" என்றார் அந்தப் பெண்மணி.

"எங்கே?" என்று கேட்டாள் கயல்.

"வெட்டுகிற இடத்துக்கு. பட்டறைகளில் இயந்திரம் துடைக்கிற துணியாக வெட்டுவார்கள்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். எதற்கு என்னைத் தேற்றுகிறார் என்று கூசியது.

9

வெள்ளிக்கிழமை கயல் வெள்ளை மேல்சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டிருந்தாள். அவளே இஸ்திரி போட்டிருந்தாள். தலைமுடியை வாரிக் கட்டி, காதில் சின்னதாகத் தோடு. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை எழுதியவர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். நான் எத்தனையோ வருஷமாக எப்படிப் பார்க்க ஆசைப்பட்டேனோ, அச்சு அசலாக அப்படி.

நகர மன்றத்தில் நான்கு பேர் வயலின் வாசித்தார்கள். துணை மேயர் எங்கள் பெயர்களைக் கடித்துத் துப்பிப் படித்து, கை குலுக்கி, சான்றிதழும் ஒரு சின்னப் பூந்தொட்டியும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க ஒரு படிவம் இருக்கிறது, அது தனிக் கதை.

புகைப்படக்காரர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். கயல் அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடையில் நான் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கூட்டத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளோடு அவளைச் சேர்த்து நிறுத்தியிருந்தால், என் பிள்ளை யாரென்று நானே ஒரு நிமிஷம் தேடியிருப்பேன். பனிக்குள்ளும் சட்டையை வைத்து ஆளைச் சொல்கிற ஊரில் பிறந்தவள் நான்.

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பவில்லை. அவள் சனிக்கிழமை இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

10

ஞாயிற்றுக்கிழமை மதியம், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கயல் வந்து நின்றாள். நான்கு நாளில் அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். வீடியோவில் பேச எனக்குத் துணிச்சல் இல்லை, சாதாரண அழைப்பாகவே போட்டேன். கயல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா எடுத்ததும், அவள் நலம் விசாரிக்கும் முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டேன். பெட்டியில் போட்டதைச் சொன்னேன். தவறுதலாக என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் போட்டேன், பார்க்க வெட்கமாக இருந்தது, மாமா சட்டை என்று தெரியாது என்றேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. சந்தையில் லாரியிலிருந்து அவள் இறங்கியபோது நான் சிரித்ததையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு போய்விட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். "சந்தையில நீ சிரிச்சத நான் அன்னைக்கே பாத்தேன். வயசுப் பிள்ளைக, சிரிக்கத்தான் செய்யும்."

நான் அழுதேன். கயல் என் முதுகில் கை வைத்தாள்.

"அழுகாத. ஏ புள்ள, நான் ஒண்ணு கேக்கேன். அங்க குளிருமா?"

"குளிரும்க்கா. ரொம்பக் குளிரும்."

"அந்தச் சட்டைய யாராச்சும் எடுத்துப் போட்டுக்கிருவாகல்ல?"

கயலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"போட்டுக்கிருவாங்கக்கா" என்றேன்.

"பொறகென்ன. அவுக சும்மா கெடக்குற ஆளு இல்ல. பொட்டிக்குள்ள கெடந்தாத்தான் எனக்கு வருத்தம்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, நான் வைக்கேன். காட்டுல சோலி கெடக்கு, வெரசாப் போகணும்."

வைத்துவிட்டாள்.

ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "பெரியம்மா பரவாயில்லன்னுட்டாங்களா?" என்று கயல் கேட்டாள். மழை அப்படிக் கொட்டும்போது கவுஞ்சியில் காட்டில் யாருக்கும் ஒரு சோலியும் கிடையாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.